வாசற்படி வரை வந்த பனி

கல்தவிக்,
அக்டோபர் 21

அண்ணனுக்கு,

இடது முழங்காலை விட்டுவிட்டுப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன். உன் மூச்சு எப்படி இருக்கிறது? மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறாய் என்று உன் மகள் உன்னுர் சொன்னாள். போனிலேயே பேசிக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டாள். போனில் நீ கத்துவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், அப்புறம் இரண்டு மாதம் பேச்சே இருக்காது. கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் நீ படித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் நான் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை.

நோட்டீஸ் வழக்கம்போல வந்துவிட்டது. மலையடிவாரத்தில் பனிச்சரிவு வரைபடத்தின் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் வீடுகளில் மே முதல் அக்டோபர் முடிய மட்டும் குடியிருக்கலாம், நவம்பர் ஒன்றாம் தேதி பூட்டிச் சாவியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு தடவை மூட்டை கட்டிக்கொண்டு, ஊராட்சி எனக்கென்று ஒதுக்கிய ஓடைத் தெரு ஆறாம் எண் தரைத்தளத்தில் போய்ப் படுத்தேன். மே மாதம் வந்தால் அதே மூட்டையோடு மேலே ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் இனி ஆகாது. என் அடுப்பு, என் சன்னல், என் கட்டில் எல்லாம் இங்கே இருக்கும்போது பாதி வருடம் நான் எதற்கு விருந்தாளியாக வாழ வேண்டும்?

பனி வருமென்றால் சரி. எங்கே பனி? போன குளிர்காலம் முழுக்க என் வாசலில் பனி தங்கியது ஒன்பது நாள். அதற்கு முந்தின வருடம் பதினான்கு. மேலே கிண்ணம் என்று நாம் சொல்லும் மலைப்பள்ளத்தில் பனியின் உயரம் பார்க்க நட்டு வைத்திருக்கும் ஏழு கம்பங்களும் பிப்ரவரி மாதத்தில் அடிவரைக்கும் தெரிந்தன. மற்ற நாளெல்லாம் மழை. ஜனவரியில் குடை பிடிக்கிற ஊரில் பனிச்சரிவுக்குப் பயந்து வீட்டைப் பூட்டச் சொல்கிறார்கள்.

ஊராட்சிச் செயலர் ஓட்கெய்ரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் பெரியம்மா. அந்தக் கோடு நான் போட்டதா?"

"நீ போடலடா. போட்டப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டு ஸ்கூல்ல நின்ன. ஆனா இப்ப காவல் காக்கிறவன் நீதான."

"இந்த வருஷம் பனி வராதுன்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுமா?"

"வரும்னு நீ எழுதிக் குடு. மூட்டையக் கட்டுறேன்."

வசந்தத்தில் ஆபத்துப் பகுதிக் குழு கூடுகிறது. மனு போட்டுவிட்டேன். அதற்கு உன் சாட்சி வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பனிச்சரிவு வந்தபோது எனக்கு ஏழு வயது, தட்டம்மையோடு சித்தி வீட்டில் கிடந்தேன். பார்த்தவர்கள் நீயும் அப்பாவும்தான். அப்பா செத்துப்போகும் வரைக்கும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பனி நம் சமையலறை வாசற்படி வரை வந்து நின்றதென்று வரைபடக்காரர்களுக்கு இடம் காட்டியதும் நீதான். அதில் எனக்குச் சண்டையில்லை, வந்தது வந்ததுதான். அது ஒரே ஒரு தடவை வந்தது, அந்த மாதிரிக் குளிர்காலம் அப்புறம் வரவில்லை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ஹல்பெரா


ரெய்க்யாவிக்,
நவம்பர் 9

அன்புள்ள பெரா,

கடிதம் கிடைத்தது, கடைசி வரி வரைக்கும் படித்தேன். முழங்காலுக்கு உன்னுர் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள், தேய்த்து வா. என் மூச்சு போன மாதம் எப்படியோ அப்படியே இருக்கிறது.

இங்கே நாலாவது மாடி பால்கனியில் மருமகள் வைத்த ரோஜா இன்னும் பூக்கிறது. நவம்பரில் ரோஜா. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தைத் தள்ளி நட்டுவிட்டார்கள், அதனால் தினமும் கொஞ்சம் நடை கிடைக்கிறது.

பனி குறைந்துவிட்டது என்கிறாய். யார் இல்லை என்றது? குறைந்தால் போதாது, வரவே கூடாது. ஒரே ஒரு தடவை வந்தாலும் உனக்கு அது போதும். இந்த வருடமும் கீழே போய் இரு. மே மாதம் எண்ணி ஆறு மாதத்தில் வந்துவிடும்.

நீ கேட்டதைப் பற்றி யோசிக்கிறேன். பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. துறைமுகத்து கிரேனுக்குப் புது மோட்டார் வந்ததாமே, உண்மையா?

அன்புடன்
உன் அண்ணன் பிராந்துர்


கல்தவிக்,
நவம்பர் 24

அண்ணனுக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, வேலை செய்கிறது. உனக்கு இருமல் இல்லையே?

கிரேனுக்கு மோட்டார் வந்தது. போதுமா? நான் கேட்டதற்குப் பதில் சொல்லு.

நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஓட்கெய்ர் வந்தான். உட்காரவைத்து காபி கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கோப்பை குடித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சாவியைக் கேட்டான்.

"சாவி தொலைஞ்சு போச்சுடா."

"பெரியம்மா, அது கதவுலதான தொங்குது."

"தொங்கட்டும். அதுக்கு அங்க நல்லாருக்கு."

அவன் சிரித்துவிட்டான், அப்புறம் சிரித்ததற்காக வெட்கப்பட்டான். மறுநாள் இரண்டு ஆட்களை அனுப்பித் தெரு முனையில் என் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டான். மின்சாரத்தை வெட்ட முடியவில்லை, ஏனென்றால் பனிச்சரிவு எச்சரிக்கைச் சங்குக்கும் எனக்கும் ஒரே கம்பி. வெட்டினால் சங்கு ஊமையாகிவிடும். அந்த இரண்டு பேருக்கும் கருவாடும் வெண்ணெயும் கொடுத்து அனுப்பினேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

பனியை உருக்கிக் குடிக்கலாமென்றால் வாசலில் ஒரு பிடி பனி கிடையாது. அதனால் தினமும் காலையில் இரண்டு வாளியோடு ஓடைக்குப் போகிறேன். போக வர இருபது நிமிடம். முழங்கால் திட்டுகிறது, நான் அதைத் திருப்பித் திட்டுகிறேன். இருபத்திரண்டு வருடம் மீன்பிடிக் கப்பலில் பதினெட்டுப் பேருக்குச் சமைத்தவளுக்குத் தண்ணீரை நிறுத்திப் பயம் காட்டுகிறார்கள்.

சாட்சிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரை எங்கே எழுத வேண்டுமென்று பென்சிலால் குறித்திருக்கிறேன். யோசிக்க அதில் ஒன்றுமில்லை, நீ பார்த்தது ஒன்றுதான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஹல்பெரா


கல்தவிக்,
டிசம்பர் 18

அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும்.

பண்டிகைக்குப் புகைபோட்ட ஆட்டுத் தொடை ஒன்று அனுப்பியிருக்கிறேன். மருமகளிடம் சொல், ரொம்ப நேரம் வேகவைத்துக் கெடுக்க வேண்டாம். இங்கே எட்டு நாளாக மழை. பிள்ளைகள் சறுக்குக் கட்டையை வெறும் புல்லில் இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். என் கதவில் 'குடியிருக்கத் தடை' என்று சிவப்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதன் மேல் ஒரு ஆணி அடித்துத் துண்டு காயப்போடுகிறேன்.

நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு என்றாள் தபால்காரி. இன்னொரு கால் வலிக்கிறது, வேறு எப்படி நிற்பது என்றேன்.

படிவம் தபாலில் தொலைந்திருக்குமோ என்று இன்னொன்று வைக்கிறேன்.

ஹல்பெரா


ரெய்க்யாவிக்,
ஜனவரி 12

அன்புள்ள பெரா,

ஆட்டுத் தொடை வந்தது, பேரப்பிள்ளைகள் எலும்பைக்கூட விடவில்லை. பண்டிகைக்கு முன் மூச்சுக்காக ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது பரவாயில்லை, கவலைப்படாதே.

படிவம் இரண்டும் கிடைத்தன. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காரணம் கேட்காதே. நீ அந்த வீட்டில் குளிர்காலம் கழிக்க நான் உதவ மாட்டேன், அவ்வளவுதான். கோபப்படுவாய் என்று தெரியும், பட்டுக்கொள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன், ஓடைக்குப் போகும்போது போட்டுக்கொள்.

பிராந்துர்


கல்தவிக்,
பிப்ரவரி 3

பிராந்துருக்கு,

காலுறை அளவாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஒரு மாதம் கழித்துச் சொல்கிறாய். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நேற்று நடுக்குளிர்கால விருந்து. புளிக்கவைத்த ஆட்டுக்கறி, கருவாடு, வழக்கம்போல வருடத்துக் கேலி நாடகம். இந்த வருடம் கதாநாயகி நான்தான். ஓட்கெய்ரின் மனைவி என் மாதிரியே தலைத்துணி கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளி, ஒரு கையில் குடை, நொண்டி நொண்டி மேடைக்கு வந்தாள். "பனி எங்கே, பனி எங்கே" என்று கட்டிலுக்கு அடியில் தேடினாள். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"ஏம்மா, நான் நொண்டுறது இடது கால். நீ வலது கால நொண்டுற. பாத்து நடி."

அதற்கு அவளும் சிரித்து, மேடையிலேயே காலை மாற்றிக்கொண்டாள். இந்த ஊர் என்னைக் கேலி செய்யும், ஆனால் நேருக்கு நேர் செய்யும். நீ அப்படி இல்லை. காரணம் கேட்காதே என்கிறாய். நான் கேட்பேன். பொய்ச்சாட்சி சொல் என்றா உன்னிடம் கேட்டேன்? உன் கண்ணால் பார்த்ததை எழுது என்றேன். கூடப் பிறந்தவன் அதைக்கூடச் செய்ய மாட்டானென்றால் நான் யாரிடம் போய் நிற்பது?

நீ இல்லாமலே குழு முன்னால் நிற்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹல்பெரா


கல்தவிக்,
பிப்ரவரி 23

அண்ணனுக்கு,

ரேடியோவில் கேட்டிருப்பாய். முதலில் இது: எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஊரில் யாருக்கும் இல்லை.

பனி கடைசியில் வந்தது. மூன்று நாள் விடாமல், ஈரமான பெரிய செதில்களாகக் கொட்டியது. இத்தனை மாதம் பனி எங்கே என்று கேட்டவளுக்கு மலை பதில் சொல்கிறதென்று தபால்காரி சொல்லிவிட்டுப் போனாள். நாலாம் நாள் காற்று தெற்கே திரும்பி, வெதுவெதுப்பாக மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் கிண்ணத்தில் கீழ்வரிசைக் கம்பங்கள் அடிவரை தெரிந்துவிட்டன. ஊரே மூச்சுவிட்டது. நானும்தான். நம் ஊரில் கம்பம் தெரிந்தால் ஆபத்துப் போயிற்று என்றுதானே பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தோம். ஆறு வயதுப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

நான் வாளிகளோடு ஓடைக்குப் போனேன். ஓடை ஓடவில்லை.

கல்லிடுக்குகளில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது, அவ்வளவுதான். மழை என் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது, மலை முழுக்கப் பனி உருகிக்கொண்டிருந்தது, ஓடையில் மட்டும் சத்தமில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? மேலே பள்ளத்தில் ஏதோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது உடைந்தால் எல்லாம் ஓடைத் தெருவுக்குத்தான் இறங்கும். வாளிகளை அங்கேயே போட்டுவிட்டு, இந்த முழங்காலோடு ஓடைத் தெருவுக்கு இறங்கினேன். ஓட்கெய்ர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான்.

"ஓடை நின்னுபோச்சுடா."

"உறைஞ்சிருக்கும் பெரியம்மா. நீங்க உள்ள வாங்க, நனையாதீங்க."

"மழை கொட்டுது. மழையில எந்த ஓடைடா உறையும்?"

வாயில் சாப்பாட்டோடு என்னைப் பார்த்தான். அப்புறம் சன்னல் வழியாக மேலே பார்த்தான். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு சங்கை ஊதப் போனான். நான் கதவு கதவாகத் தட்டினேன். முப்பத்தொரு பேரை மீன் ஆலைக்குக் கூட்டிப் போனோம். சிலர் முணுமுணுத்தார்கள்: இது வெள்ளைப் பகுதி, வரைபடத்தில் கோடே இல்லாத தெரு, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது.

நாற்பது நிமிடம் கழித்து வந்தது. பனிச்சரிவு மாதிரிப் புழுதி இல்லை, வேகமும் அவ்வளவு இல்லை. தண்ணீரும் பனியும் கல்லும் கலந்த சாம்பல் நிறச் சேறு, ஓடையின் பள்ளத்திலேயே இறங்கி வந்து தெருவில் பரவியது. நாலு கார் ஷெட் போயிற்று. ஓட்கெய்ரின் சமையலறையில் மேசை உயரத்துக்கு நின்றது, அவன் பாதி சாப்பிட்ட தட்டு அதற்குள் எங்கேயோ இருக்கிறது. என் வீட்டுப் பக்கம் ஒரு கூழாங்கல்கூட வரவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஓட்கெய்ர், இரண்டு வாளித் தண்ணீரோடு.

"குழாயத் திறக்க எனக்கு அதிகாரம் இல்ல பெரியம்மா."

"தெரியும்டா."

"வாளி தூக்க அதிகாரம் வேணாம்ல."

அன்றிலிருந்து தினமும் கொண்டுவந்து வைக்கிறான். கதவில் இருக்கும் தாளை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறான்.

உன் மூச்சு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

ஹல்பெரா


ரெய்க்யாவிக்,
மார்ச் 15

பெரா,

மூச்சு சுமார்தான். மாடி ஏறுவதில்லை, லிஃப்டில் போகிறேன். மறைக்காமல் எழுது என்றாய், எழுதுகிறேன்.

குளிர்காலத்துக்கு உனக்கு ஒதுக்கிய அந்த ஆறாம் எண் வீடு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. பேப்பரில் பார்த்துச் சொல் என்று உன்னுரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐம்பத்து மூன்றில் பனி நம் வாசற்படிக்கு வரவில்லை. ஆட்டுக்கொட்டகையை அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. கொட்டகையிலிருந்து நம் வாசல் அறுபது தப்படி. அப்பாவும் நானும் அன்று சமையலறைக் கதவைத் திறந்து நடந்துபோய்த்தான் ஆடுகளைத் தோண்டினோம். வழியில் சரிவின் ஒரு கட்டிகூடக் கிடக்கவில்லை.

பக்கத்துக் குடாவில் வீடுகளோடு ஆட்களையும் புதைத்த அந்தச் சரிவு நடந்ததே, அந்த வாரம் படகில் போய்த் தோண்டியவர்களில் நானும் ஒருவன். என்ன பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்து படகைக் கட்டும்போது நீ சமையலறை சன்னலில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாய். உன் தலைக்கு மேலே அந்த மலை. மறு வருடம் வரைபடக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் சின்னப் பையன், கையில் ஒரு பலகை, பென்சில். ஐம்பத்து மூன்றில் எதுவரை வந்தது என்று கேட்டான். நான் அவனை நம் வாசலுக்குக் கூட்டிப் போய்ப் படியில் காலை வைத்து, "இங்க வரைக்கும்" என்றேன். அவன் என் காலைச் சுற்றிக் கோடு போட்டான். அந்தக் கோடு ஏன் நம் வீட்டருகில் மட்டும் வளைகிறதென்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, ஏனென்றால் நீ என்னை நம்பினாய்.

போ என்று சொன்னால் நீ போயிருக்க மாட்டாய். சட்டம் வந்து சொன்னால்தான் போவாய் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இத்தனை குளிர்காலம் நிம்மதியாகத் தூங்கினேன், இந்தக் குளிர்காலம் தவிர.

இந்தக் கடிதத்தை என்ன செய்வதென்பது உன் இஷ்டம்.

பிராந்துர்


கல்தவிக்,
ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் தபால் இல்லை. எழுதினேன், கிழித்தேன். நான் நலம். நீயும் நலமாக இருந்தாக வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலில் இருந்து கொட்டகை அஸ்திவாரம் வரை நடந்து எண்ணினேன். என் நொண்டிக் காலுக்கு எழுபத்தொன்று. அப்புறம் மறுபடியும் ஆறாம் எண் வீட்டுக்குப் போனேன். நீ கேட்டாயே, சொல்கிறேன். சேறு படுக்கையறைச் சன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, மேல் சட்டம் வரைக்கும் நின்றிருக்கிறது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிவைத்து நசுக்கியிருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு மணி நேரம் படுப்பேன், அது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு குளிர்காலம் அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். என்னைக் காப்பாற்ற நீ ஒரு பொய்யைச் சொல்லி என்னை அனுப்பிவைத்த இடம் அது. பிப்ரவரிக் கடிதத்தில் இதை எழுத எனக்கு மனது வரவில்லை, கீழே போய் இரு என்று சொன்னவனைக் குத்திக்காட்ட வேண்டாமென்று விட்டேன், அப்போது நீ வெறும் பிடிவாதக்காரன் என்று மட்டும்தானே நினைத்திருந்தேன்.

எனக்கு உன் மேல் ஆத்திரம் இருக்கிறது. சாகும்வரை கொஞ்சம் இருக்கும். இருபத்திரண்டு குளிர்காலத்தை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதுகிறாய். பயந்தால் பயமாக இருக்கிறதென்று சொல்லியிருக்கலாம். நாமிருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டிருப்போம், நான் கேட்டிருக்க மாட்டேன், ஆனால் அது என் முடிவாக இருந்திருக்கும்.

நம் நாட்காட்டியில் ஏப்ரலிலேயே வரும் கோடைகாலத்தின் முதல் நாளன்று குழு கூடியது. முந்தின இரவு, உறைந்தால் நல்ல கோடை என்ற வழக்கப்படி தட்டில் தண்ணீர் வைத்தேன், ஓரத்தில் மட்டும் உறைந்தது. குழுவின் முன்னால் உன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். அந்த உருளைக்கிழங்குப் பகுதியையும் விடவில்லை. ஓட்கெய்ர் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குப் பென்சிலோடு வந்த அந்தப் பையன் இப்போது வழுக்கைத் தலை, அவர்தான் குழுவுக்குத் தலைவர்.

"அம்மா, லெட்டர் பத்தாது. பாத்தவரே வந்து எடத்தக் காட்டணும். பழைய கோட்ட அவரு காலால காட்டினாரு. புதுசையும் அவரு காலாலதான் காட்டணும்."

ஓடை வந்த பாதையைச் சேர்த்து ஊருக்கே புதுசாக வரைபடம் போடுகிறார்கள். பழைய பனியை வைத்துப் போட்ட கோடு இந்தக் காலத்துப் பனிக்குச் சரிவராது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் சொன்னதிலும் பாதி தப்பு என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன். பனி குறைந்தால் பயமில்லை என்று நினைத்தேன், மலை வேறு வழியாக இறங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஜூன் பத்தாம் தேதி அளக்க வருகிறார்கள். நீ வந்தால் என் வீடு கோட்டுக்கு வெளியே போக வாய்ப்பிருக்கிறது. நீ வராவிட்டால் அது உள்ளேயே கிடக்கும்.

எப்படிக் கிடந்தாலும் நவம்பர் ஒன்றாம் தேதி நான் இங்கேதான் இருப்பேன். அதை அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

நீ வா. பொய்யை எந்தப் படியில் நின்று சொன்னாயோ அந்தப் படிக்கு வந்து நில். வந்தால் குளிர்காலம் முடிந்துதான் போக வேண்டும். சரிவு வந்தால் மலைப்பக்கம்தான் முதலில் அடிபடும் என்று நம் வீட்டில் பிள்ளைகளை எப்போதும் கடல்பக்கம் படுக்கவைப்பார்கள், மலைப்பக்கம் பெரியவர்கள். உன் கட்டிலை மலைப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறேன்.

ஹல்பெரா


ரெய்க்யாவிக்,
மே 19

அன்புள்ள பெரா,

இங்கே வீட்டில் யாருக்கும் என் பயணம் பிடிக்கவில்லை. டாக்டருக்கும் பிடிக்கவில்லை. மருமகள் அழுதாள், உன்னுர் கத்தினாள். நான் இரண்டு பேரிடமும் உன்னைப் போலவே பேசினேன், அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். ஜூன் எட்டாம் தேதி விமானத்தில் வருகிறேன். ஓட்கெய்ரை விமான நிலையத்துக்கு வரச் சொல், மூட்டை இரண்டு இருக்கிறது, குளிர்காலத் துணியும் சேர்த்து.

மலைப்பக்கக் கட்டில் எனக்குச் சரி. அதை மாற்றாதே.

அந்த மேட்டில் என்னைக் காரில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், நீ விடாதே. வாசற்படியில் இருந்து கொட்டகை வரை அறுபது தப்படியையும் நானே நடப்பேன். நீயும் கூட வந்து கையைப் பிடிக்காதே, வாசலிலேயே நில். நடுவில் நான் எங்கேயாவது மூச்சு வாங்க நின்றுவிட்டால், பென்சிலை எடுத்துவிடப் போகிறார், அது கோடு இல்லை என்று அந்த வழுக்கைத் தலைக்காரரிடம் சொல்லிவிடு.

உன் அண்ணன்
பிராந்துர்